பனி வழிக்கிற வேலை

பெத்தணசாமி வீட்டு மாடியறை.
மாதம் ஆறாயிரம், கரண்டு தனி.
சன்னலைத் திறந்தால் அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்,
அதற்குப் பின்னால் தண்டவாளம்.
குட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் மைக்கை அணைப்பேன்.
நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணி முடிப்பதற்குள்
அலுவலகக் கூட்டத்தில் ஏதாவது முடிவாகியிருக்கும்.

என்ன வேலை என்று கேட்டார்கள்.
பனி வழிக்கிறது என்றேன்.
சோழவந்தானிலா?
இல்லை, திரொம்சோவில். நோர்வேயின் உச்சி.
முன்னால் இரும்புப் பலகை கட்டிய பதினொரு லாரிகள்,
எது எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்று
இங்கேயிருந்து நான்தான் சொல்ல வேண்டும்.
பெத்தணசாமி நெடுநேரம் யோசித்து
"அப்ப மணல் லாரி புரோக்கர் மாதிரி" என்றார்.
ஓம், கிட்டத்தட்ட.

அந்த ஓம்தான் காட்டிக்கொடுத்தது.
ஸ்டேஷனிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட்டை
இரண்டு பக்கமும் புரட்டினார்.
"நார்வே. சரி. அதுக்கு முன்னாடி?"
அதுக்கு முன்னாடி எனக்கு நாலு வயசு, சார்.
அவர் அதை எழுதிக்கொண்டார்,
எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை.

வந்த புதிதில் கடையில் போய்ப் பாண் கேட்டேன்.
பீடாக் கடைக்குக் கை காட்டினார்கள்.
வெற்றிலை விளைகிற ஊரில்
வெறும் வயிற்றுக்குப் பான் தேடுகிற பெண்.
மூன்று நாள் சிரித்தார்கள்.
இரண்டு நாள் நானும்.
என் தமிழை இங்கே எல்லோரும் திருத்துகிறார்கள்,
பஸ் கண்டக்டர் உட்பட.
அங்கே என் நோர்வே மொழியை யாரும் திருத்தியதில்லை.
கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள்,
அவ்வளவுதான்.

மார்கழி பதினெட்டு.
கோவில் குழாய் பாடத் தொடங்கி இருபது நிமிடம்.
திரொம்சோவில் நள்ளிரவு;
தை பிறந்து ஒரு வாரம் போனால்தான் அந்த ஊருக்குச் சூரியன்.
அறுபது சென்டிமீட்டர், இன்னும் கொட்டுகிறது.
சரிவுத் தெரு ஓட்வார் நாலாவது தடவையாக எழுதுகிறார்:
போன முறை உங்கள் வண்டி ஒதுக்கிய பனிதான்
என் கதவை அடைத்து நிற்கிறது.
பூனை வெளியே.

கரண்டு போனது.
பாட்டு பாதி அடியில் நின்றது.
அரைமணி தாங்கும் என்று வீரணன் மாட்டிவிட்டுப் போன இன்வெர்ட்டர்
ஆறு நிமிடம் தாங்கியது.
போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினேன்.
தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே, ஒற்றைக் காலில் நின்றால்
ஒன்றரைக் கோடு சிக்னல்.

கொடிக்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த பவுனுத்தாய்
டார்ச்சை மேலே அடித்தார்.
"யாரது? ஏத்தா, பனியில நிக்காத.
தலையில எறங்கிரும். எதையாச்சும் போட்டுக்க."

பனியா.
கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
உள்ளங்கையில் ஒரு ஈரம்,
ஒரு தபால்தலை ஒட்டக் காணும்.
இதற்கும் அதே சொல்,
ஓட்வாரின் கதவில் இடுப்பளவு நிற்பதற்கும் அதே சொல்.
இந்த மொழிக்கு இன்னும்
அதை அள்ளிக் கொட்டவேண்டி வரவில்லை.

இருந்தாலும் தும்மல் வந்தது.
பவுனுத்தாய் டார்ச்சை எடுக்கவே இல்லை,
நான் ஏதாவது போடும்வரை.
கொடியில் கிடந்த துண்டை உருவித்
தலையில் சுற்றிக்கொண்டு
ஏழாம் நம்பர் லாரியைச் சரிவுத் தெருவுக்குத் திருப்பினேன்.
வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி,
நத்தை மாதிரி, நின்று நின்று.
சுற்றிலும் வெற்றிலை கிள்ளும் சத்தம்.
யாரோ யாருடைய மருமகளையோ
இருட்டில் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

கரண்டு வரும்போது ஏழரை.
ஓட்வார் எழுதியிருந்தார்:
பூனை உள்ளே. ரொம்பத் தாமதம்.

கீழே பெத்தணசாமி
துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.