சொந்த உபயோகம்

"மூத்த மகன் மருந்துக்கடை வைக்க
மேற்படி கடை மனுதாரருக்கு
உண்மையாகவே தேவைப்படுகிறது"
என்று வக்கீல் எழுதினார்.
எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.
மகன் அப்போது ஓசூரில்
கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருப்பான்.

காந்தி ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து.
பத்துக்குப் பன்னிரண்டு.
கஜபதி கொடுப்பது ஆயிரத்து நூறு.
பக்கத்துக் கடைக்குப் பதினாறாயிரம்.
வழக்கு இவ்வளவுதான்.
மற்றதெல்லாம் கோர்ட்டு பாஷை.

ஆஸ்பத்திரிக்கு வரும் வடக்கத்திக்காரர்களுக்கு
ஸ்டவ், வாளி, பாய், சின்னக் குக்கர்.
ஊருக்குத் திரும்பும்போது
பாதி விலைக்கு அவரே வாங்கிக்கொள்வார்.
ஒரே வாளியை எத்தனை முறை விற்றாரோ,
எனக்கு ஒருமுறையாவது ஏற்றிக் கொடுத்தாரா?

மாதம் ஐந்தாம் தேதி மணியார்டர்.
வாங்கினால் கேஸ் கெடும்.
போகப்போகத் தபால்காரர் கேட்டைத் திறப்பதில்லை.
சைக்கிளில் இருந்தபடியே புருவத்தைத் தூக்குவார்.
நான் தலையாட்டுவேன்.
"வாங்க மறுத்துவிட்டார்."

சத்துவாச்சாரியில் கூண்டேறியது ஒரு மே மாதம்.
ஃபேன் நீதிபதிக்கு மட்டும் சுற்றியது.
"இவர்தானே எதிர்மனுதாரர்?"
விரல் நீட்டிக் காட்டினேன்.
"உங்கள் மகன் பார்மசி படித்தவரா?"
"படிக்க ஆசைப்பட்டான்."
பொய்யில்லை. எட்டாவது படிக்கையில் ஒருநாள் சொன்னான்.
கஜபதி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.
அவன் காதுகுத்துக்கு அவர் வைத்த
எவர்சில்வர் வாளி
இன்னும் எங்கள் பாத்ரூமில் இருக்கிறது.

ஒன்பது வருஷம்.
அப்பீலிலும் ஜெயித்தேன்.
அமீனா வருமுன் ஒரே ராத்திரியில் காலி செய்து
சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டார்.
கரண்ட் பில்கூடக் கட்டியிருந்தது.
அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

"உடனே வாடகைக்கு விட்டுடாதீங்க.
சொந்த உபயோகம்னு வாங்கியிருக்கோம்.
திருப்பிக் கேட்டு மனுப் போடுவான்.
கொஞ்ச நாள் ஏதாவது நடத்துங்க."

நடத்துகிறேன்.
ஒரு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி,
அதில் பஞ்சு, தைலம், நாலு ரோல் பிளாஸ்திரி.
"எப்படிம்மா போகுது என் கடை?"
போனில் சிரிக்கிறான் ஓசூர்க்காரன்.

எதிர்ச்சாரியில்
லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே கஜபதி.
கயிற்றில் தொங்கும் வாளிகளில்
முகம் தெரிவதில்லை. நல்லது.

இன்று மத்தியானம் ஒரு பெண்.
கையில் ஸ்கேன் கவர், தோளில் தூங்கும் பிள்ளை.
"பால்தி?"
இல்லை என்று கையசைத்தேன்.
போகாமல் என் தலைக்கு மேலே காட்டினாள்.
ஷட்டருக்கு மேல் அவர் எழுதிவைத்த வங்காள எழுத்து.
அழிக்க ஆள் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

வெயில் சுவரிலிருந்து அடித்தது.
எழுந்தேன். படி இறங்கி
எதிரே விரலை நீட்டினேன்,
கோர்ட்டில் நீட்டிய அதே விரல்.

பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு
திரும்பிப் போனாள் என் கடையைத் தாண்டி.
பார்த்தேன்.
வாளி புதுசில்லை.