நிரம்பிய பின்னும்

ஸ்டாக்டன் துறைமுகச் சாலையில், பாதாம் கிடங்குக்குப் பின்னால்
எங்கள் சோதனை அறை. ஜன்னல் கிடையாது.
இருபது டிகிரி. காற்று அசையக் கூடாது.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் செருகினேன்
கைக்குழந்தை தூங்கும் வீட்டில் செய்வதுபோல.

மேசைமேல் ஒரு முடிவெட்டும் கருவி.
பேட்டரியை ஒட்ட வடித்து, பட்டினி போட்டு,
ஓர் இரவு ஓய்வு கொடுத்து
சார்ஜரில் உட்காரவைத்தபோது காலை ஒன்பது பத்து.
நாளைக் காலை ஒன்பது பத்து வரை
அது உண்பதையெல்லாம் எண்ண வேண்டும்.
விதி அவ்வளவுதான் கேட்கிறது.

முதல் மூன்று மணி நேரம் நல்ல பசி.
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
பன்னிரண்டரைக்கு வயிறு நிரம்பிற்று,
பச்சை விளக்கு எரிந்தது.
திரையில் கோடு இறங்கி வந்து
தரையைத் தொடாமல்
ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டது
பந்தி கலைந்தும் எழுந்திருக்காத விருந்தாளியாய்.

முக்கால் வாட்.

"கொசு மூத்திரம்" என்றார் ஹோலிஸ் ப்ரூனர்,
சம்பளம் தருபவர், வண்டி ஓட்டிக்கொண்டே.
கிடங்கில் நாலாயிரத்து இருநூறு பெட்டிகள்.
ஒவ்வொரு சார்ஜரின் அடியிலும் ஏற்கனவே அச்சாகிவிட்டது
வட்டத்துக்குள் இரண்டு எழுத்து,
விதிக்கு உட்பட்டது என்னும் முத்திரை.
பிள்ளை பிறக்குமுன் வைத்த பெயர்.
"வரம்புக்கு எவ்வளவு மேலே?"
"நூற்றுக்குப் பதினொன்று."
"மீட்டரை மறுபடி பார்."
பார்த்தேன்.
மீட்டருக்கு ஹோலிஸைத் தெரியாது.

இரவு ஷிப்டில் நலீ ஸியோங் எட்டிப் பார்த்தாள்,
பெட்டி கட்டும் பிரிவு, கையில் பிளாஸ்க்.
அவள் கொழுந்தனாரின் முடிதிருத்தகத்தில் இதில் பதினாலு இருக்கிறதாம்.
ஞாயிறும் திங்களும் கடை பூட்டு.
"பதினாலும் பச்சையாய் எரியும்.
பனியில் தெருவிலிருந்து பார்த்தால்
உள்ளே யாரோ விழித்திருக்கிற மாதிரி."
அவள் அதை அழகு என்றுதான் சொன்னாள்.

அவள் போனபின் காகித ஓரத்தில் பெருக்கினேன்:
பதினாலு, நாற்பத்தெட்டு மணி, இத்தனை கடை, இத்தனை ஊர்.
பிறகு அடித்துவிட்டேன்.
பெருக்கிக்கொண்டே போனால் எதுவும் பயமுறுத்தும்,
கொசு மூத்திரமும்.

மூன்று மணிக்குத் தூக்கம் போய்
இன்னொரு மாதிரியைத் திருகு கழற்றித் திறந்தேன்.
தேடிக் களைத்தபின் அகப்பட்டது
மிளகில் பாதிகூட இல்லாத ஒரு மின்தடை,
ஆர் பதினேழு.
வாசல் மூடிய பிறகும்
சந்து வழியாக மின்சாரத்தைக் கசியவிடும் வேலைக்காரன்.
எவன் போட்டான் இதை என்று
வரைபடத்தை விரித்தேன்.
மூலையில் தேதி, மூன்று வருடம் முந்தையது.
பக்கத்தில் சாய்ந்த கையெழுத்து.
என்னுடையது.

நினைவு வந்தது. அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம்.
பாதித் தலையில் கருவி நின்றுபோய்
எந்தக் கடைக்காரரும் திட்டக் கூடாது என்று,
இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று
பயத்தில் போட்டது.
நிறைந்ததை நம்பத் தெரியாத வயது.

ஒன்பது பத்து.
எண்ணை உள்ளபடி எழுதினேன்.
'தேறவில்லை' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.
ஹோலிஸ் கோட்டைக் கழற்றாமலே படித்தார்.
வரைபடத்தையும் காட்டினேன், கையெழுத்தை மறைக்காமல்.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"மாற்ற எவ்வளவு?"
"சார்ஜருக்குப் பதினோரு சென்ட்.
பெட்டியைப் பிரிக்கிற கூலி தனி."
"எல்லாமே உனக்குப் பதினொன்றுதானா?" என்றார்.
சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
வாசலில் நின்று கிடங்குப் பக்கம் கத்தினார்,
யாராவது கத்தி கொண்டுவாருங்கள் என்று.

முதல் டேப் கிழியும் சத்தம் கேட்டது.
துண்டை உருவினேன், காற்று உள்ளே வந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்கு
உடனே அணையவில்லை.