பட்டாணி சூப் டப்பா

சாலையில் உப்பு கொட்டுகிற ஊர் இது.
அக்டோபர் கடைசியில் தொடங்கினால் ஏப்ரல் வரை.
பனி கரையும்,
கூடவே கார்களின் வயிறும்.

ஜனவரியில் என் ப்யூக் உறுமத் தொடங்கியது.
முதலில் ஒரு தொண்டைக் கரகரப்பு.
இரண்டு வாரத்தில்
ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவில் இருக்கிறவன்
ஜன்னல் திறந்து பார்க்கிற அளவுக்கு.

கராஜில் வால்மோர் டார்ச் அடித்துப் பார்த்தான்.
நடுவிலிருந்து வால்வரை மாற்றணும்,
எழுநூற்று நாற்பது டாலர்.
காரையே தொள்ளாயிரத்துக்குத்தான் வாங்கினேன்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
சொன்னவனே தலையைக் குனிந்துகொண்டான்.
பிறகு மெதுவாக,
"தலைவலி வருதா, லுசெட்?"

வரும்.
அதை இரவு வேலையின் கணக்கில் எழுதியிருந்தேன்.
பின் சீட்டில் மகன் கண்சொருகியபோதெல்லாம்
பள்ளிக்கூடத்தின்மேல் பழி போட்டேன்.
புகையில் மணமில்லாத பங்கு ஒன்று உண்டு.
ஆளை எடுப்பது அதுதான்.
மறுநாளிலிருந்து மகன் அடுத்த வீட்டு வண்டியில்.
நான், மைனஸ் இருபதில்,
நான்கு கண்ணாடியும் இறக்கி.

ஞாயிறு காலை. இஞ்சின் சில்லிட்டிருந்தது.
ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது,
இரவல் ஸ்டாண்ட் இரண்டு முட்டுக்கொடுத்து
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து மல்லாந்தேன்.
ஓட்டை தானே காட்டிக்கொடுத்தது:
மை அப்பிய கண்போலக் கரி வட்டம்,
நடுவில் சுண்டுவிரல் நுழையும் இருட்டு.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்,
நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும்.
தெரிய நேரமானது.
நல்ல இரும்பு குறைவு.
பசை ஆறு டாலர்.
கவ்விப்பட்டை இரண்டு, ஐந்து டாலர்.
தகட்டுக்கு நேற்றைய பட்டாணி சூப் டப்பா
(காந்தம் ஒட்டுகிறதா பார்த்தேன், அலுமினியம் உருகிவிடும்)
மேலும் கீழும் வெட்டி, நெடுக்கில் பிளந்து,
பசையின்மேல் சுற்றினேன்,
குழாய்க்கு ஒரு சட்டை.
திருகாணியை முறுக்கிய விரல்கள்
யாருடையவோ போலிருந்தன.

பத்து நிமிடம் ஓடவிட்டுத் தள்ளி நின்றேன்.
டப்பாவின் உள்பூச்சு எரிந்து நாறியது.
அப்புறம்
இஞ்சின் ஓடுகிறதா என்று
பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

திங்கள், ஆறு மணி.
ஒனெசிம் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.
எண்பத்தொன்பது வயது, காது அரைகுறை.
சாவி மகளிடம், மகள் ஹார்ட்ஃபோர்டில்.
போன மாதமெல்லாம்
நான் தபாலாபீஸ் திரும்பும்போதே உறுமல் கேட்டு
எழுந்து, வாக்கரைத் தள்ளி, தாழ் திறந்து,
கழுத்துப் பொத்தான் வரை போட்டு நின்றிருப்பார்.
தேறிவருகிறார் என்று
நான் தாளில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தட்டினேன். மணியடித்தேன்.
கடைசியில் காருக்குப் போய்
ஹார்னை நீளமாக அழுத்தினேன்.
பைஜாமாவும் ஒற்றைச் செருப்புமாகக் கதவு திறந்தது.
"நடந்தா வந்தாய்?"

ஏப்ரலில் பரிசோதனை ஸ்டிக்கர் ஒட்டணும்.
டப்பாவைப் பார்த்துவிட்டு
வால்மோர் கண்ணை மூடிக்கொள்ள மாட்டான்,
எனக்கும் அது வேண்டாம்.
மாவு ஜாடியில் இதுவரை நூற்றுப் பதினாறு.

அதுவரைக்கும் தபாலாபீஸ் திருப்பத்தில்
ஹார்ன், இரண்டு தரம்.
விடிகாலைச் சத்தம் என்று
யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம்.