பின்னுரித்தாளி

ஊழியர் ஓய்வு நிதிக் கூற்று
வருஷத்துக்கு ஒருக்கால் வரும்.
இவர் அதைப் பிரிக்காமல்
பிரசங்கக் குறிப்புகளுக்குள் செருகிவிடுவார்.
ஆகாயத்துப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறவருக்கு
வட்டிவீதம் என்றால் ஒரு கூச்சம்.
நான்தான் பிரிப்பேன்,
மீன் வெட்டிய கையைக் கழுவிப்போட்டு.

இது கடைசிக் கூற்று.
ஒன்பது லட்சத்து நாற்பத்தோராயிரம்.
கோண்டாவிலில் இரண்டு அறையும் ஒரு குசினியும்
மாசம் இருபத்தையாயிரமாம்.
உறையின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்தேன்:
முப்பத்தேழு மாசம்.
இவருடைய ஊழியமும் முப்பத்தேழு வருஷம்.
வருஷத்துக்கு ஒரு மாசக் கூரை.
பிரஷர் குளிசை இந்தக் கணக்கில் இல்லை.

எட்டு மிஷன் வீடுகளில் சமைத்திருக்கிறேன்.
எட்டிலும் ஒரு ஆணி அடிக்க
கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.
ஊர்காவற்றுறையில் நான் வைத்த முருங்கை
காய்க்க முன்னம் மாற்றம் வந்தது.
காய்த்ததாம். வந்தவ சொன்னா.

மினிபஸ் பிடித்து நிதிப்பகுதிக்குப் போனேன்.
பொருளாளர் ஹட்சன் ஜெயசீலன்
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.
மரியாதையான பிள்ளை.
"தொண்ணூற்றைந்து ஐப்பசியிலிருந்து ஏழு வருஷம்
சந்தா வரவில்லையே, அம்மா.
பதிவேடும் இல்லை."

நான் சீ.ஆர். கொப்பியை எடுத்து வைத்தேன்.
தருமபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே
ஞானஸ்நானம் நாற்பத்தொன்று.
கலியாணம் ஒன்பது.
அடக்கம்,
அந்தப் பக்கத்தை அவர் திருப்பிக்கொண்டே இருந்தார்.
சம்பளத்துக்குப் பதிலாக வந்த மாவும்
இறாத்தல் கணக்கில் எழுதியிருக்கிறது.

"இது வரவு செலவு இல்லையே, அம்மா."
"வேலை செய்த கணக்கு, தம்பி."

செயற்குழுவில் வைக்கிறேன் என்றார்.
ஐயாவுக்குக் கடவுள் குறைவைக்கமாட்டார் என்றார்.
கடவுளிடம் கேட்கிறதை நான் விடியப்புறம் கேட்டிட்டன்,
இது உங்களிடம் கேட்கிறது என்றேன்.
மின்விசிறி கடகடத்தது.

பிறகு கோவையைப் புரட்டினவர் நிறுத்தினார்.
"அம்மா, இன்னொரு சிக்கல்."

எண்பத்தேழாம் ஆண்டுப் படிவம்.
விளிம்பைச் செல் அரித்திருந்தது.
பின்னுரித்தாளியின் பெயர்: திருச்சபை.
உறவுமுறை: தாய்.

இவருடைய எழுத்துத்தான்.
அந்தக் கொம்பு, அந்தச் சுழி.
எங்களுக்குக் கலியாணமாக
இன்னும் மூன்று வருஷம் கிடந்தது.
பிறகு முப்பத்துநாலு வருஷம்
யாரும் திருத்த நினைக்கவில்லை,
கூற்றைப் பிரிக்கிற நானும்.

பின்னேரம்
புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர்
படிவத்தை வாங்கி
வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசித்தார்.
கனநேரம் வாசித்தார், இரண்டு சொல்லை.
"அப்ப எனக்கு இருபத்தெட்டு" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார்,
தாய்க்கு நோகாத மாதிரி, மெல்ல.
புதுப் படிவத்தில் என் பெயரை எழுதப் போய்
பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:
"உன்ரை முதலெழுத்து?"

"க.
கதிர்காமு.
அப்பாவை அடக்கம் செய்தது நீங்கள்தான்."

எழுதினார்.
உறவுமுறை என்ற இடத்தில் எழுதினார்.
வீதம் என்ற இடத்தில் நூறு என்று எழுதி
அதை இன்னொருக்கால் அழுத்தினார்.

அடையாள அட்டை இரண்டு பிரதி வேணுமாம்.
சந்தியில் ஒரு பிரதி பத்து ரூபா.
அடுத்த தெருவில் எட்டு.