மிதி எண்ண வந்தவர்

கிளட்ச் தகடு ஆறே மாதத்தில் கருகிப்போனதற்கு
என் இடது கால்தான் காரணமாம்.
சம்பளத்தில் பிடிப்போம் என்றது அலுவலகம்.
அதற்கு முன்னால் நியாயத்துக்கு ஓர் ஆளை அனுப்பியது.
எவாரிஸ்தோ, காப்பீட்டுக் கம்பெனி,
இஸ்திரி போட்ட சட்டை, மடியில் கட்டம் போட்ட தாள்.
மெந்தோசாவில் ஏறி மலை தாண்டி
லோஸ் அந்தேஸ் வரும்வரை
நான் மிதிப்பதை எண்ணுவது அவர் வேலை.

பின்னால் இருபத்தெட்டு டன் பூண்டு.
வாடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல மனிதர்தான்.

கிளம்பும்போது தரைவரை மிதித்தேன்,
உள்ளே சுற்றும் சக்கரம் நிற்கட்டும் என்று.
'ஒன்று' என்று கோடு போட்டார்.
அதோடு காலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

ஆக்சிலேட்டரை ஓர் இமையளவு தளர்த்தினால்
எஞ்சின் தள்ளவும் தள்ளாது, இழுக்கவும் இழுக்காது.
அப்போது கியர் கம்பி வழுக்கி வெளியே வரும்
தூங்கிப்போன பிள்ளையின் கையிலிருந்து
பொம்மை வருவதுபோல.
முந்நூறு சுற்று இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.
முள்ளைப் பார்க்கத் தேவையில்லை,
தொடையெலும்புக்கே தெரியும்.
இரண்டு விரலால் தொட்டால் அடுத்த பல்லில் உட்காரும்.
அவசரப்பட்டால் பெட்டி பல்லைக் கடிக்கும்;
சாலையோரத்தில் மேயும் ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

உஸ்பல்லாத்தா தாண்டியும் தாளில் நான்கே கோடு.
"மறைத்து மிதிக்கிறீர்களா?"
"குனிந்து பாருங்கள்."
நிஜமாகவே குனிந்தார், டார்ச் அடித்து.
"என் காரில் ஒவ்வொரு கியருக்கும் மிதிக்கிறேனே."
"காரில் பெட்டிக்குள்ளேயே ஒரு தரகர் இருக்கிறார்,
வேகம் ஒத்துப்போகாத இரண்டு சக்கரத்தை
அவரே பேசிச் சேர்த்து வைப்பார்.
இதில் தரகர் கிடையாது.
நாமே பொருத்தம் பார்க்க வேண்டும்."
அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து
எழுதாமல் விட்டார்.

குகைப்பாதை. சுங்கம். ஏழாவது கோடு.
அப்புறம் நத்தைச் சுருள், இருபத்தொன்பது வளைவு.
இறங்கும் கியரை மேலேயே முடிவு செய்துவிட வேண்டும்,
பாதியில் மனசு மாறினால் மலை சம்மதிக்காது.
முடிவும் செய்திருந்தேன்.
ஆனால் கீழே ஒரு பேருந்து குறுக்கே திணறி நின்றது.
பூண்டு முதுகில் கைவைத்துத் தள்ளியது.
இன்னும் ஒன்று குறைத்தாக வேண்டும்.
கம்பி வெளியே வந்தது.
உள்ளே போகவில்லை.

அந்த அரை நொடி
எஞ்சின் தனி, சக்கரம் தனி,
நாற்பத்திரண்டு டன் யாருடையதும் இல்லை.
பள்ளத்தில் ஒரு பழைய டயர் கிடப்பது
அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

மிதித்தேன், விட்டேன்,
வலது காலால் எஞ்சினை ஒரு கத்து கத்த வைத்தேன்,
மறுபடி மிதித்தேன்.
டக்.
வண்டி முக்கியது, அடங்கியது.
பேருந்தின் பின்கண்ணாடியில்
ஒரு சிறுமி எங்களைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

எவாரிஸ்தோவின் பேனா எங்கோ விழுந்திருந்தது.
"இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்,
"ஒன்பது."

லோஸ் அந்தேஸ் லாரிக் கொட்டகையில்
அவர் மறுபடி குனிந்தார், இந்த முறை கேட்காமலே.
மிதியின் ரப்பர் இடது ஓரத்தில் மட்டும்
வழவழவென்று தேய்ந்திருந்தது,
நீளமான ஒரு பூட்ஸ் ஓய்வெடுத்த அச்சு.
என் செருப்பைப் பார்த்தார். முப்பத்தாறாம் அளவு.
"இரவு ஓட்டுவது யார்?"

முதலாளியின் மகன் பென்ஹமின்.
மிதிமேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு
காதலியோடு பேசியபடியே மலை ஏறுகிறவன்.
சொல்லவில்லை. சுவரில் இருந்த
பணி அட்டவணையைத் திரும்பிப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

பணம் பிடித்தார்களா என்று கேட்கிறீர்கள்.
பாதி பிடித்தார்கள்.
மிதித்தது ஒன்பதுதான் என்றாலும்
மிதித்தது மிதித்ததுதானாம்.