ஆறுதல் பரிசு

பஹாவ் ஒட்டுக்கடையில்
விமானம் இன்று நாலாவது தடவையாகத் திசை திரும்பியது.

கடத்தல்தான் என்கிறார் லோரிக்காரர் குணாளன்,
ரொட்டி சானாயைக் குழம்பில் முக்கியபடி.
‘பேட்டரி தீப்பிடிச்சிருக்கும், நான் பார்க்காத பேட்டரியா?’
என்கிறான் ஒர்க்‌ஷாப் சிம்சன்.
செம்பனைக் குலை நிறுக்கும் மண்டோருக்கு
விமானி மேல் சந்தேகம்;
வீட்டில் என்ன சண்டையோ.

நவமணி வருகிறாள்.
பதினேழாம் வரிசையில் அவள் மகன்.
விமானம் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது.
‘தே ஓ கொசோங். சீனி வேணாம். கட்டிக் குடுங்க.’
சில்லறையை இரண்டு முறை எண்ணுகிறாள்.

அவள் சாலையைத் தாண்டியதும்
ராடார் மறுபடி சுழல்கிறது.

விமானத்தின் எண்ணுக்கு முன்னால்
ஒரு கொசோங் போட்டு
நாலு நம்பர் எடுத்திருந்தோம்.
ஞாயிற்றுக்கிழமை விழுந்தது,
ஆறுதல் பரிசு.

பணத்தை வாங்க
ஒவ்வொருவரும்
பக்கத்து டவுனுக்குப் போனோம்.