ஒன்றுக்குப் பன்னிரண்டு

"வியாழன் பத்தரைக்கு தீ ஒத்திகை.
மிஸ் அன்றைக்கு லீவு எடுக்கலாம்,
சம்பளத்தில் வெட்டமாட்டோம்"
என்றார் ஹேமச்சந்திர. நல்ல மனுசன்.
போன வருசமும் அப்படித்தான் சொன்னார்.
நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்,
ஹட்டன் கிளையில் நாற்பத்திரண்டு பேர்
நாலே நிமிசத்தில் உயிர் தப்பியபோது.

நெருப்பு என் லீவு பார்த்தா வரும்?

இந்த முறை போனேன்.
லிஃப்டில் மூன்றாம் மாடி,
மேசையில் அடகுக் கோப்புகள், ஒரு பிளேன்டீ.

பத்தரைக்கு மணி.
முதலில் லிஃப்ட் நின்றது. நிற்கத்தான் வேண்டும்,
விதி அப்படி, விதியில் பிழையில்லை.
படிக்கட்டுக் கதவின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.
அதற்குள் ஒரு குட்டி மனிதன்
ஆறு வருசமாக ஓடிக்கொண்டிருக்கிறான்,
இரண்டு காலாலும்.

"தூக்கிட்டுப் போயிருவோம் அக்கா"
என்று தியாகுவும் இன்னொரு பையனும் வந்தார்கள்.
நான் அறுபத்தொரு கிலோ, நாற்காலி பதினெட்டு,
படி ஐம்பத்திநாலு,
வளைவில் ஒரு ஆள் திரும்பவே தோளை ஒடுக்கணும்.
ஒத்திகையில் எல்லாருக்கும் நேரமிருக்கிறது.
போங்கடா என்றேன்.

பிறகு மாடி முழுக்க நான் மட்டும்.
யாருடைய தொலைபேசியோ அடித்து ஓய்ந்தது.
கீழே பஸ் ரோட்டில் பெயர் கூப்பிடும் சத்தம்.
என் பெயர் வரவில்லை.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனேன்.
பழைய கலண்டர் கட்டுகள்,
உடைந்த பிரிண்டர், அதற்குப் பின்னால்
தூசி அப்பிய ஜன்னல்.
திறந்தேன்.
எனக்கு நேரே ஒரு ஆட்டோ.
அண்ணாந்து பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை.
சீட்டில் படுத்திருந்த ஸ்டீபன்ராஜும் நானும்
சமமாக முழித்துக்கொண்டோம்.

மலையில் கட்டிய கட்டிடத்துக்கு இரண்டு தரை.
முன்னால் பஸ் ரோட்டுக்கு நாங்கள் மூன்றாம் மாடி,
பின்னால் மேல் ரோட்டுக்கு
பக்கத்து வீடு.
நடுவில் ஒரு கான், அதில் பன்னம்,
ஒரு ஒற்றைச் செருப்பு.

"என்ன அக்கா பாக்குறீங்க?"
"வாசல்."

அவன் முன்பு பாஸ் வேலைக்குப் போனவன்.
பகல் சாப்பாட்டு நேரத்தில்
டியூப்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தான்.
ஒரு முனை என் கையில், ஸ்டோர் ரூம் தரையோரம்,
மறு முனை ரோட்டில் அவன் கையில்.
குமிழி அடங்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.
இடைவெளி ஏழடி.
இறக்கம் ஆறரை அங்குலம்.

ஒரு அங்குலம் இறங்கப்
பன்னிரண்டு அங்குலம் ஓடவேண்டும் சாய்தளம்,
அதுதான் சட்டம்.
கடதாசியில் வகுத்துப் பார்த்தேன்.
மலை எனக்குக்
கிட்டத்தட்டப் பதின்மூன்று விட்டு வைத்திருக்கிறது.
சட்டத்தைவிடத் தாராளம்.
ஜன்னலைத் தரைவரை இறக்கினால் கதவு,
கதவிலிருந்து ஏழடிப் பலகை,
அவ்வளவுதான்,
இத்தனை வருசமும் கலண்டர் அடுக்கி மறைத்து வைத்திருந்தது.

ஒத்திகை அறிக்கையை டைப் அடிப்பது என் வேலை.
வெளியேறியோர்: 42.
லீவு: இல்லை.
உள்ளே இருந்தவர்: 1, சி. புவனமலர்.
கையெழுத்திட வந்த பேனா அந்த வரியில் நின்றது.
"இதை லீவு என்று போட்டால்..."
நான் பதில் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பினேன்.
அவர் பின்னால் வந்தார்.

கலண்டர் கட்டை அவரே நகர்த்தினார்.
வெள்ளைச் சட்டையில் தூசி.
கானைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்,
தூரத்தில் மூட்டம் இறங்குவதையும் பார்த்தார்.
வெகுநேரம் கழித்து,
"மழைக்கு வழுக்குமே" என்றார்.

எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன்.
செலவு, அனுமதி, மேலிடம், அடுத்த வருசம்.
இது மட்டும்தான்
ஏற்கெனவே பாலத்தில் ஏறி நின்றுகொண்டு
சொன்ன காரணம்.

"சொரசொரப்பாகப் போடணும் சேர்,"
என்றேன்.
"இரண்டு பக்கமும் கைப்பிடி."